ஊர்ப் பொது நிலத்துக்கு ஏதோ திட்டம் வருதுன்னு கேள்விப்பட்டா எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

"அது சும்மா கிடக்கிற புறம்போக்குதானே"ன்னு கூட்டத்துல ஒரு அதிகாரி சொன்னப்ப, பின்னாடி உக்காந்திருந்த ஆடு மேய்க்கிற அக்கா ஒருத்தங்க எந்திரிச்சு, "சும்மா கிடக்குன்னா என் ஆடெல்லாம் காலையில இருந்து பொழுது சாயுற வரைக்கும் எங்க சார் நிக்குது"ன்னு கேட்டாங்க. யாரும் பதில் சொல்லல. அவர் கையில இருந்த தாள்ல சர்வே நம்பர் இருந்துச்சு, பரப்பு இருந்துச்சு, வகைப்பாடு இருந்துச்சு, அக்காவும் இல்ல அவங்க ஆடும் இல்ல.

நான் இந்த வேலைக்குள்ள வந்தது அந்தக் கேள்விக்கு அப்புறம்தான். அதுக்கு முன்னாடி எனக்கு பட்டாவுக்கும் சிட்டாவுக்கும் கூட வித்தியாசம் தெரியாது. இப்ப புதுசா வர்றவங்க நிறைய பேர் "எங்க ஊர்ல மேய்ச்சல் நிலத்துல கம்பெனி வருதாம், ஏரிக்கரையில ரோடு வருதாம், என்ன பண்றது"ன்னு கேக்குறாங்க, அவங்களுக்காக இதை எழுதுறேன். தமிழ்நாட்டு கிராமங்களை மனசுல வச்சு எழுதுறது, சட்டமும் ஆபீஸும் மத்த மாநிலத்துல வேற மாதிரி இருக்கும்.

முதல்ல மூணு படத்தையும் பிரிச்சுப் பாருங்க

புதுசா வர்றவங்க எல்லாரும் குழம்புற இடம் இதுதான். ஒரே நிலத்துக்கு வருவாய்த்துறையில ஒரு பேர் இருக்கும், அதாவது நன்செய், புன்செய், தரிசு, புறம்போக்கு, அதுலயும் மேய்க்கால், களம், மந்தைவெளி, ஏரி, ஓடை, வண்டிப்பாதை, சுடுகாடுன்னு. நகர் ஊரமைப்புத் துறையோட திட்டப் படத்துல, அதாவது மாஸ்டர் பிளான்ல, அதே நிலத்துக்கு வேற பேர் இருக்கும், விவசாய மண்டலம், குடியிருப்பு, தொழில் மண்டலம், இந்த மாதிரி. மூணாவது, ஊர்க்காரங்க உண்மையில அதை எதுக்குப் பயன்படுத்துறாங்கங்கிறது, அதுக்கு எங்கயும் படமே கிடையாது. வருவாய்த்துறைல மேய்க்கால்னு இருக்கிற இடத்தை மாஸ்டர் பிளான்ல தொழில் மண்டலம்னு கலர் அடிச்சிருக்கலாம், பத்து வருஷம் யாருக்கும் தெரியாம இருக்கும், ஜேசிபி வந்து நிக்கும்போதுதான் தெரியும். அதனால "எங்க இடம் மேய்க்கால்னுதான் இருக்கு, ஒண்ணும் ஆகாது"ன்னு நிம்மதியா இருந்துடாதீங்க, மூணையும் எடுத்துப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.

அ பதிவேடு எடுக்கிறது எப்படி

தமிழ்நாடு அரசோட பட்டா சிட்டா இணையதளத்துல மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு போட்டா அ பதிவேடு, அதாவது எந்த நிலம் என்ன வகை, எவ்வளவு பரப்புன்னு இருக்கிற வருவாய்த்துறைக் கணக்கு, அதோட விவரம் வந்துடும், அரசு புறம்போக்கு நிலமான்னு பாக்கவும் அதுலயே தனியா ஒரு வழி இருக்கு. ஆனா நம்பர் தெரிஞ்சாத்தான் தேட முடியும், நம்பர் தெரியலைன்னா விஏஓ ஆபீஸ்ல கிராம வரைபடம் இருக்கும், அதைப் பாத்து அந்த இடத்துக்கும் சுத்தி இருக்கிற இடத்துக்கும் நம்பர் குறிச்சுக்குங்க. சுத்தி இருக்கிறதையும் சேத்துக் குறிக்கச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. ஓடை ஒரு நம்பர்ல இருக்கும், ஏரி இன்னொண்ணுல இருக்கும், நடுவுல இருக்கிற தரிசைக் குடுத்துட்டா ஏரிக்குத் தண்ணி வர்ற வழியே போயிடும், ஆனா பேப்பர்ல ஏரி அப்படியே பத்திரமா இருக்கும்.

அ பதிவேட்டுல கடைசியா குறிப்புன்னு ஒரு காலம் இருக்கும், முதல்ல அதைப் படிங்க. ஏரி, களம், மேய்க்கால்னு அதுலதான் எழுதியிருப்பாங்க. பரப்பு ஹெக்டேர், ஏர்ஸ்னு இருக்கும், நம்ம ஆளுங்களுக்கு ஏக்கர் சென்ட்ல சொன்னாத்தான் புரியும், ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர், ஒரு ஏர்ஸ் கிட்டத்தட்ட ரெண்டரை சென்ட். தாசில்தார் ஆபீஸ்ல யூடிஆருக்கு முன்னாடி இருந்த பழைய பதிவேட்டையும் கேளுங்க. 1980கள்ல நடந்த அந்த யூடிஆர் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுல எத்தனையோ இடம் வகை மாறியிருக்கு, பழசுல பொது இடமா இருந்தது புதுசுல ஒருத்தர் பேர்ல நிக்கிறதைப் பல ஊர்ல பாக்கலாம்.

அந்தப் பழைய பதிவேட்டுல டி.சி. நிலம்னு ஏதாவது கண்ணுல பட்டா அதைத் தனியா எழுதி வைங்க, அது பஞ்சமி நிலம். செங்கல்பட்டு கலெக்டரா இருந்த திரமென்ஹீர் குடுத்த அறிக்கைக்குப் பிறகு 1892ல தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க முடிவு பண்ணாங்க, முதல் பத்து வருஷம் யாருக்கும் விக்கக் கூடாது, அதுக்கப்புறமும் அவங்களுக்குள்ள மட்டும்தான் கைமாறணும்னு கண்டிஷன். அதெல்லாம் எப்படி எப்படியோ கைமாறிப் போச்சு. 1994 அக்டோபர்ல காரணையில அந்த நிலத்தைக் கேட்டுப் போராடினவங்க மேல நடந்த துப்பாக்கிச் சூட்டுல ஜான் தாமஸ், ஏழுமலைன்னு ரெண்டு பேர் செத்துப்போனாங்க. நில நியாயம்னு பேச வர்ற யாரும் இந்தக் கணக்கைத் தாண்டிப் போகக் கூடாதுங்கிறது என் கருத்து. புதுத் திட்டத்துக்குள்ள பஞ்சமி நிலம் ஒரு சென்ட் இருந்தாலும் அதைத்தான் முதல் கேள்வியா வைக்கணும்.

இணையத்துல கிடைக்காததுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு போடுங்க. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க, 30 நாள்ல பதில் வரணும், வரலைன்னா அடுத்த 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு. மனுவுல "ஏன் இப்படிப் பண்றீங்க"ன்னு கேக்காதீங்க, அதுக்குப் பதில் வராது. இந்த சர்வே நம்பர் சம்பந்தமா இந்தத் தேதியில இருந்து இந்தத் தேதி வரைக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தோட நகல் வேணும்னு கேளுங்க. சென்னைக்கு வடக்கே இருக்கிற எண்ணூர் கழிமுகத்தை எடுத்துக்குங்க, 1996ல ஒப்புதல் ஆன கடற்கரை மண்டலப் படத்துல அந்தக் கழிமுகம் முழுக்க நீர்ப்பரப்பா, கட்டடம் கட்டக் கூடாத பகுதியா இருந்துச்சு, பின்னால புழக்கத்துல இருந்த இன்னொரு படத்துல அது காணாமயே போயிருந்துச்சு. மீனவர்களும் அவங்க கூட நின்னவங்களும் இந்த மாதிரி மனு போட்டுத்தான் அதை வெளியில கொண்டு வந்தாங்க.

மூணாவது படத்தை ஊர்தான் வரையணும்

இதுக்கு ரெண்டு மூணு நாள் ஒதுக்குங்க, அவசரப்படாதீங்க. நாங்க பண்ண விதத்தைச் சொல்றேன். வேப்பமரத்தடியில தரையைப் பெருக்கித் தண்ணி தெளிச்சு, ஒரு டப்பா கோலமாவும் ஒரு படி புளியங்கொட்டையும் வச்சோம். முதல்ல ஆம்பளைங்க வரைஞ்சாங்க, ரோடு, கோயில், ரேஷன் கடை, ஏரிக்கரை, மடை, அவங்கவங்க வயல். பொது நிலம் இருந்த இடத்தை ஒரு வட்டம் போட்டு அப்படியே விட்டுட்டாங்க. அப்புறம் பொம்பளைங்க கையில மாவைக் குடுத்தோம், அந்த வட்டம் பத்து நிமிஷத்துல நிறைஞ்சு போச்சு. இங்க வேலிமுள்ளு வெட்டுவோம், இங்க மழை பேஞ்ச பதினஞ்சாம் நாள் பண்ணைக்கீரை வரும், இந்தப் பள்ளத்துல ஆட்டுக்குத் தண்ணி தை வரைக்கும் நிக்கும், இந்தத் தடத்துலதான் புள்ளைங்க பள்ளிக்கூடம் போகுது, இந்தப் புதர் மறைவு இல்லைன்னா நாங்க ஒதுங்கப் போறது எங்கன்னு ஒரு பாட்டி சத்தமில்லாம ஒரு கோடு போட்டாங்க. ஆடு வச்சிருக்கிற வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை வைக்கச் சொன்னோம், அம்பதுக்கு மேல போயிடுச்சு. "பத்து பேர்தான் ஆடு மேய்க்கிறாங்க"ன்னு அதுவரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தவர் எங்க ஊர்க்காரர்தான்.

காலனிக்குத் தனியாப் போய் இதையே திரும்பப் பண்ணுங்க, இதைத் தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. மந்தையில கூட்டம் போட்டா அங்க இருக்கிறவங்க வந்தாலும் ஓரமா நின்னுட்டுப் போயிடுவாங்க, வாயைத் திறக்க மாட்டாங்க, அப்புறம் "ஊரே சம்மதிச்சுடுச்சு"ன்னு எழுதிடுவாங்க. எங்க ஊர்ல சுடுகாட்டுக்குப் போற அவங்க பாதை அந்தத் திட்ட நிலத்துக்குள்ளதான் போகுதுங்கிறது அவங்க தெருவுல வரையும்போதுதான் எனக்கே தெரிஞ்சுது. அந்த ஊர்லயே பிறந்து வளந்தவன் நான்.

வரைஞ்சதைப் போட்டோ எடுங்க, அன்னைக்கே தாள்ல மாத்துங்க, சர்வே நம்பரோட பொருத்துங்க. மாசம் மாசமா எழுதுங்க, எந்த மாசம் எந்த வீடு எதுக்குப் போகுதுன்னு. ஏன்னா பங்குனி வெயில்ல வந்து பாக்குற அதிகாரிக்கு அது பொட்டல்தான், ஐப்பசி கார்த்திகையில அதே இடம் எப்படி இருக்கும்னு அவருக்குத் தெரிய வாய்ப்பில்ல, போட்டோவைத் தேதியோட நாமதான் வச்சிருக்கணும்.

ஊருக்குள்ளயே நியாயம் இருக்கான்னு பாத்துக்குங்க

இதைப் பேசினா சிலருக்குக் கோவம் வரும், இருந்தாலும் பேசித்தான் ஆகணும். வெளியில இருந்து வர்ற கம்பெனிகிட்ட நியாயம் கேக்குற நாம, ஏரி மீன் ஏலத்தை வருஷா வருஷம் யாரு எடுக்குறாங்க, புளியமரம் யாருக்குப் போகுது, கருவேல மரம் வெட்டின காசு ஊர்ப் பொதுவுல வந்துச்சா கோயில் கணக்குல போச்சா, அந்தக் கோயிலுக்குள்ள எல்லாரும் போக முடியுதான்னு கேக்கணும். வண்டல் மண்ணை எடுத்துக்குங்க, ஏரியில விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் காசில்லாம எடுக்க அரசு அனுமதி குடுக்குது, நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90ன்னு அளவும் இருக்கு. ஆனா டிராக்டர் வச்சிருக்கிறவர் முதல் வாரமே அள்ளிட்டுப் போயிடுறார், அரை ஏக்கர் வச்சிருக்கிற அம்மாவுக்குப் போகும்போது மேடாயிருக்கிற களிமண்தான் மிச்சம். நிலமே இல்லாதவங்களுக்கு இதுல ஒண்ணுமே இல்ல, அவங்களுக்கு அந்த ஏரியில கிடைக்கிறது கோரையும் நத்தையும் விறகும்தான், அதை "ஏலம் எடுத்தவர் உள்ள விட மாட்டேங்கிறார்"னு தடுத்துட்டா அதுவும் போச்சு. ஏல நிபந்தனையிலயே, விறகு பொறுக்க, ஆட்டுக்குத் தண்ணி காட்ட, கோரை அறுக்கத் தடை இல்லைன்னு ஒரு வரி சேக்கச் சொல்லுங்க. ஒரே ஒரு வரிதான், எங்க பக்கத்து ஊர்ல சேத்தாங்க, அதுக்கப்புறம் அங்க அந்தச் சண்டையே வரல.

இயற்கையில இருந்து வர்ற பலனைப் பங்கு போடுறதுக்குப் பெரிய அளவுல சட்டமே இருக்கு. 2002 பல்லுயிர் பன்மைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலயும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கணும், மக்கள் பல்லுயிர் பதிவேடு எழுதணும். உங்க ஊராட்சியில குழு இருக்கான்னு கேளுங்க, பேருக்கு இருக்கும், பதிவேட்டையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்க, உங்க ஊர்க் கீரையும் மூலிகையும் அதுல இருக்கான்னு பாருங்க. அகத்தியமலையில காணிப் பழங்குடி மக்கள் சொல்லிக் குடுத்த ஆரோக்கியப்பச்சை செடியில இருந்து ஜீவனி மருந்து வந்தப்ப, லைசென்ஸ் கட்டணத்துலயும் ராயல்டியிலயும் பாதி அவங்களுக்குன்னு முடிவாச்சு, 1997ல அதுக்காக அவங்க பேர்ல ஒரு டிரஸ்ட் வந்துச்சு. அதுலயும் யார்கிட்டக் கேட்டீங்க, எல்லாக் காணிகளும் சேந்து முடிவு பண்ணாங்களான்னு சச்சரவு வந்துச்சு, ஆனா கேக்கணும்ங்கிற எண்ணமாவது அங்க இருந்துச்சு.

எந்த வாசல்ல போய்த் தட்டுறது

முதல் வாசல் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1னு வருஷத்துக்கு 6 நாள். ஊராட்சிகள் சட்டம் 1994, பிரிவு 134 படி மேய்ச்சல் தரை, களம், சுடுகாடு, மந்தை, தோப்பு இதெல்லாம் ஊராட்சியோட பொறுப்புல இருக்கிறது, அதனால அங்க பேச உங்களுக்கு முழு உரிமை இருக்கு. தீர்மானத்தை வீட்டுலயே எழுதிக் கொண்டு போங்க, ஒரு வாரம் முன்னாடியே மனுவாக் குடுத்து ஒப்புகை வாங்கிடுங்க. 'எதிர்க்கிறோம்'னு ஒரே வார்த்தையில முடிக்காம, சர்வே நம்பர், ஆடு மாடு எண்ணிக்கை, எத்தனை குடும்பம், எந்தெந்த மாசம்னு போடுங்க. கோரம், அதாவது கூட்டம் செல்லுறதுக்கு வேண்டிய குறைஞ்சபட்ச ஆள், இருக்கான்னு எண்ணிப் பாத்துக்குங்க, 501ல இருந்து 3000 வரைக்கும் ஜனத்தொகை இருக்கிற ஊராட்சிக்கு 100 பேர் வேணும். தீர்மான நோட்டுல எழுதி முடிச்சு வாசிச்சுக் காட்டுற வரைக்கும் ஒருத்தரும் எந்திரிச்சுப் போகாதீங்க.

தீர்மானத்தால என்ன ஆகப்போகுதுன்னு கேக்குறவங்களுக்கு மேலூர் பக்கத்து அரிட்டாபட்டியைச் சொல்லுவேன். 2022ல பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு அறிவிச்ச ஊர், அதையும் சேத்து 2024ல டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டாங்க. நவம்பர் 23 கிராம சபையில ஊர் ஊராத் தீர்மானம் போட்டாங்க, டிசம்பர்ல சட்டமன்றமே தீர்மானம் போட்டுச்சு, ஜனவரி 7 அன்னைக்கு மதுரை வரைக்கும் ஜனங்க நடந்தாங்க, 2025 ஜனவரி 23 ஏலம் ரத்துன்னு மத்திய அரசு அறிவிச்சுது. தீர்மானம் மட்டும் அதைப் பண்ணல, நடந்த காலும் சேந்துதான் பண்ணுச்சு, ஆனா பேசப் போன எல்லா இடத்துலயும் கையில காட்ட அந்தத் தாள் இருந்துச்சு.

ரெண்டாவது, ஜமாபந்தி. மே, ஜூன் மாசத்துல தாலுகா ஆபீஸ்ல கிராமக் கணக்கை மேசையில வச்சுத் தணிக்கை பண்ணுவாங்க, அன்னைக்குப் போய்ப் பதிவேட்டுல இருக்கிற தப்பைச் சொல்லி மனு குடுங்க. மத்த நாள்ல திங்கட்கிழமை கலெக்டர் மனு நாள் இருக்கு. ரெண்டுலயும் ரசீது வாங்காம வெளியில வராதீங்க.

மூணாவது, மாஸ்டர் பிளான். 1971 நகர் ஊரமைப்புச் சட்டப்படி வரைவுத் திட்டத்தை வெளியிட்டு ஆட்சேபணைக்குக் குறைஞ்சது ரெண்டு மாசம் குடுக்கணும். சென்னைப் பெருநகரப் பகுதியை 1189 சதுர கிலோமீட்டர்ல இருந்து 5904ஆ 2022ல விரிச்சாங்க, அதுல எத்தனையோ ஏரிப்பாசன கிராமம் உள்ள வந்திருக்கு, அந்தப் பக்கத்துக்காரங்க ரொம்பக் கவனமா இருக்கணும். நாங்க ஒரு தடவை 11 நாள் லேட்டாப் போனோம். மனுவை வாங்கிக்கிட்டாங்க, ஆனா கணக்குல எடுக்கலன்னு பின்னால தெரிஞ்சுது. அந்த வருஷம் முழுக்க எனக்குத் தூக்கம் சரியா இல்ல. அதனால பேப்பர்ல வர்ற சின்ன எழுத்து அறிவிப்பைத் தினம் பாக்குறதுக்குன்னே ஒரு ஆளை வைங்க, காலேஜ் படிக்கிற பொண்ணு பையன் யாராவது இருந்தா போதும்.

பெரிய தொழிற்சாலை, சுரங்கம்னா 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி மக்கள் கருத்துக் கேட்பு நடக்கணும், எல்லாத் திட்டத்துக்கும் இது கிடையாது, உங்களுதுக்கு உண்டான்னு முதல்ல விசாரிங்க. 30 நாள் முன்னாடி அறிவிக்கணும், தமிழ்ல சுருக்கம் குடுக்கணும், கலெக்டரோ அவருக்கு அடுத்த நிலையில இருக்கிறவரோ தலைமை தாங்கணும், முழுக்க வீடியோ எடுக்கணும், கடைசியில நடவடிக்கைக் குறிப்பை ஜனங்களுக்குப் புரியுற மொழியில வாசிக்கணும். பேசப் போறவங்க கோவத்துல பேசினா வீடியோவுல சத்தம்தான் பதிவாகும், அதனால கேள்வியாக் கேளுங்க. இந்த நிலத்துல மேயுற ஆடு நாளையில இருந்து எங்க மேயும்? மாற்று இடம் எத்தனை கிலோமீட்டர், அங்க ஏற்கனவே யாரு மேய்க்கிறாங்க? கம்பெனிக்கு ஒரு நாளைக்கு எத்தனை லட்சம் லிட்டர் தண்ணி, எந்த ஏரி, எந்த போர்? நிலம் இல்லாதவங்களுக்கு என்ன?

அந்தக் கடைசிக் கேள்வியை விடவே விடாதீங்க. 2013 நிலம் எடுப்புச் சட்டத்துல, பட்டா இல்லைன்னாலும் மூணு வருஷமா காட்டையோ நீர்நிலையையோ நம்பிப் பிழைக்கிற குடும்பம், குத்தகைக்காரங்க, கூலிக்காரங்க எல்லாம் பாதிக்கப்பட்ட குடும்பம்தான்னு இருக்கு. ஆனா தமிழ்நாட்டுல தொழில் திட்டத்துக்கு 1997 மாநிலச் சட்டத்துல நிலம் எடுக்குறது வழக்கம், அதனால எந்தச் சட்டத்துல எடுக்குறீங்கன்னு எழுத்துல கேட்டுட்டு அப்புறம் பேசுங்க. கோர்ட்டுக்குப் போற அளவுக்கு வந்துட்டா, 2011 ஜனவரி 28ல உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்குல குடுத்த தீர்ப்பை வக்கீல்கிட்ட சொல்லுங்க, பஞ்சாப்ல ஒரு ஊர்க் குளத்தைத் தூத்து வீடு கட்டினதைப் பத்தின வழக்கு, கிராமப் பொது நிலத்தை மீட்டு ஊருக்கே குடுக்கணும்னு எல்லா மாநிலத்துக்கும் சொன்னாங்க. நீர்நிலை ஆக்கிரமிப்புன்னா நம்ம மாநிலத்துலயே 2007 ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. ஆனா ஒண்ணு, இதே தீர்ப்பையும் சட்டத்தையும் காட்டித்தான் ஏரி ஓரத்துல முப்பது வருஷமாக் குடியிருக்கிற ஏழை வீட்டை முதல்ல இடிக்கிறாங்க, பெரிய கட்டடம் அப்படியே நிக்குது. நீங்க மனுவுல எழுதும்போதே, குடியிருக்கிறவங்களுக்கு மாற்று இடம் குடுத்துட்டுத்தான்னு சேத்து எழுதுங்க.

எல்லாத் தாளையும் மூணு செட் காப்பி எடுத்து மூணு வெவ்வேற தெருவுல வைங்க, அதுல ஒண்ணு காலனியில இருக்கட்டும். ஒருத்தர் வீட்டுல மட்டும் ஃபைல் இருந்தா, அவருக்கு விலை பேசினா முடிஞ்சு போச்சு.

எங்க ஊர்ல கடைசியா நடந்த கிராம சபையில செயலர் தீர்மானத்தை எழுதிட்டு வாசிச்சார், "மேற்படி நிலத்தில் சில கால்நடைகள் மேய்ந்து வருவதாகவும்"னு வந்தப்ப அந்த ஆடு மேய்க்கிற அக்கா கையைத் தூக்குனாங்க. "சிலன்னு எழுதாதீங்க தம்பி. என்னுது குட்டியோட 23, எங்க தெருவுல மொத்தம் 214, எண்ணி வச்சிருக்கேன்." அவர் அந்த வரியை அடிச்சுட்டு மேல நம்பரை எழுதி, பக்கத்துல கையெழுத்தும் போட்டார்.